பழைய அம்பாசடரில் ஏ.சி.யைக் கழற்றிய பின் ஓட்டைகளை அடைப்பது: முழுமையான வழிகாட்டி

அம்பாசடரின் டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஏ.சி. யூனிட்டைக் கழற்ற எனக்கு ஒரு பகல் போதுமானதாக இருந்தது. அது விட்டுப்போன ஓட்டைகளை ஒழுங்காக அடைக்க ஆறு நாள் ஆனது. என் வண்டி 1986 மாடல் மார்க் 4, 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின். ஏ.சி. இல்லாமல் வந்த வண்டிதான். எனக்கு முன் வைத்திருந்தவர் வெளியே ஒரு பட்டறையில் ஏற்றியிருக்கிறார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எண்ணிப் பார்த்தால் சின்னதும் பெரியதுமாக 19 ஓட்டைகள்.

அதற்குப் பிறகு நண்பர்களின் இரண்டு அம்பாசடர், ஒரு பிரீமியர் பத்மினி கார் என்று மூன்று வண்டிகளில் கூடவே நின்று இதே வேலையைச் செய்தேன். எல்லோரும் தடுக்கி விழுவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான். எந்த ஓட்டை எதற்கு என்று தெரியாமல் அடைக்கிறார்கள், துருவின் மேலேயே அடைக்கிறார்கள், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மறுபக்கத்தை மறந்துவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசை இந்த மூன்றையும் மனதில் வைத்து எழுதியது.

இதை அழகுக்கான வேலை என்று நினைத்து ஒத்திப்போட வேண்டாம். என்ஜினுக்கும் நாம் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவில் நிற்கும் ஃபயர்வால் தகடு நெருப்பு, புகை, சூடு, தண்ணீர் நான்கையும் தடுக்கிறது. அதில் ஒரு ரூபாய் அளவு ஓட்டை இருந்தாலும் என்ஜின் பக்கத்துக் காற்று உள்ளே வரும். என் வண்டியில் அடைப்பதற்கு முன்பு ஒருமுறை சென்னையிலிருந்து கிளம்பி, திண்டிவனம் தாண்டுவதற்குள் எனக்கும் அம்மாவுக்கும் தலைவலி வந்துவிட்டது. பெட்ரோல் வாடையை மூக்கு கண்டுபிடித்துவிடும். அதே ஓட்டை வழியாக வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

1. ஏ.சி. திரும்ப வருமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பொருளை வாங்கும் முன்பே இதற்குப் பதில் வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் வேறு செட் போடும் எண்ணம் இருந்தால், பெரிய ஓட்டைகளுக்கு போல்ட் போட்ட இரும்பு பிளேட் போதும், கழற்றி மாட்டலாம். இனி ஏ.சி. வேண்டவே வேண்டாம் என்றால் வெல்டிங்.

வீட்டில் பேசாமல் இதை முடிவு செய்யாதீர்கள். ஒரு நண்பர் எல்லாவற்றையும் வெல்டு வைத்து, பெயிண்டும் அடித்த பிறகு, அடுத்த மே மாதமே அதே இடத்தில் புது ஓட்டை போட்டார். குழப்பமாக இருந்தால் பிளேட்டே போடுங்கள். அதை எப்போது வேண்டுமானாலும் வெல்டாக மாற்றிக்கொள்ளலாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

தகடு: சி.ஆர். ஷீட் (துத்தநாகம் பூசாத சாதாரண இரும்புத் தகடு), 18 கேஜ் (ஏறக்குறைய 1.2 மி.மீ.) பிளேட்டுக்கு, 20 கேஜ் (0.9 மி.மீ.) வெல்டு வைக்கும் துண்டுகளுக்கு. கடையில் ஜி.ஐ. ஷீட்டை எடுத்துக் கொடுப்பார்கள், துரு பிடிக்காது என்பார்கள். வாங்காதீர்கள். அதன் மேலுள்ள துத்தநாகம் வெல்டிங் சூட்டில் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் போல உடம்பைப் போட்டு அடிக்கும்.

அடைக்கும் பொருள்: பாலியூரித்தேன் சீலன்ட், 3 மி.மீ. நியோபிரீன் ரப்பர் ஷீட், சில அளவுகளில் ரப்பர் அடைப்பான்கள். பாத்ரூம் வேலைக்கு விற்கும் சாதாரண சிலிகான் வேண்டாம். காயும்போது வினிகர் வாசனை வருகிறதே, அந்த அமிலம் வெறும் இரும்பில் பட்டால் துருவை ஆரம்பித்து வைக்கும். அதன் மேல் பெயிண்டும் பிடிக்காது.

பெயிண்ட்: டூ-பேக் எபாக்சி பிரைமர் (இரண்டு டப்பாவாக வரும், கலந்து அடிப்பது), வண்டியின் கலரில் மேல் பெயிண்ட், கேவிட்டி வேக்ஸ் (மடிப்புகளுக்குள் துரு வராமல் அடிக்கும் மெழுகு).

மற்றவை: வெர்னியர், கிரைண்டர், ஒயர் பிரஷ், எம்5 போல்ட், ரிவெட் நட் (ஒரு பக்கமிருந்தே தகட்டில் பதிக்கும் நட்), அதைப் போடும் கருவி, மாஸ்கிங் டேப், மார்க்கர், தடித்த அட்டை, தீயணைப்பான் ஒன்று. தீயணைப்பான் இல்லாமல் வெல்டிங் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம், காலம். சென்னை போன்ற கடலோர ஊரில் சுரண்டி விட்ட இரும்பு ஒரே ராத்திரியில் செம்மஞ்சளாகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காற்றில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. நான் பிப்ரவரியில் செய்தேன்.

3. கேஸை நீங்களே திறந்துவிடாதீர்கள்

ஹோஸ் நட்டைத் தளர்த்திப் புஸ்ஸென்று விட்டுவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய செட்டில் ஆர்-12 என்ற குளிரூட்டும் கேஸ் இருக்கலாம். பிறகு மாற்றியிருந்தால் ஆர்-134ஏ. முன்னது ஓசோன் படலத்தை அழிப்பது, பின்னது பூமியைச் சூடாக்குவது. இரண்டுமே வெளியே வந்ததும் பூஜ்யத்துக்கு 25 டிகிரிக்கும் கீழே கொதிக்கும். கண்ணிலோ விரலிலோ பட்டால் பனிப்புண் வரும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆர்-12 நெருப்பிலோ வெல்டிங் ஆர்க்கிலோ பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உருவாகும். கேஸை உறிஞ்சி எடுக்கும் மெஷின் உள்ள கார் ஏ.சி. கடைக்கு வண்டியை ஓட்டிப்போய் இறக்கிவிட்டு வாருங்கள். ‘இதில் கேஸ் எப்போதோ போய்விட்டது’ என்று யார் சொன்னாலும் பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டே நட்டைத் தொடுங்கள்.

4. கழற்றும் வரிசை

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பிறகு கம்ப்ரெஸர், கண்டென்சர், டிரையர் (கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டப்பா), ஹோஸ்கள், கடைசியாக உள்ளே இருக்கும் கூலிங் காயில் யூனிட். புதியவர்கள் உள்ளிருந்து ஆரம்பிப்பார்கள், யூனிட்தான் கண்ணுக்கு முன் நிற்கிறது என்பதால். ஹோஸ் மாட்டியிருக்கும்போதே யூனிட்டை இழுத்தால் ஃபயர்வால் ஓட்டையின் விளிம்பு வளைந்து கிழியும். 2 அங்குல ஓட்டை 3 அங்குலமாவது இப்படித்தான்.

கம்ப்ரெஸர் பிராக்கெட்டைக் கழற்றும்போது போல்ட்டுகளைக் கவனியுங்கள். பிராக்கெட்டின் தடிமனுக்காக நீளமான போல்ட் போட்டிருப்பார்கள். பிராக்கெட் இல்லாமல் அதையே திரும்பப் போட்டால் ஓட்டையின் அடியில் முட்டி நிற்கும். இறுகியதுபோல் தெரியும், ஆனால் பிடித்திருக்காது. சில என்ஜின்களில் போல்ட் ஓட்டை தண்ணீர் ஓடும் பகுதிக்குள் திறக்கும். அதைச் சும்மா விட்டால் கூலன்ட் ஒழுகும். சரியான நீளத்தில் போல்ட் வாங்கி, மரையில் சீலன்ட் தடவிப் போடுங்கள்.

கழற்றிய பாகங்களை விற்கவோ திரும்பப் போடவோ எண்ணினால், குழாய் வாய்களை உடனே மூடுங்கள். உள்ளே இருக்கும் ஆயில், அதுவும் ஆர்-134ஏ செட்டின் ஆயில், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

5. ஓட்டைகளுக்குக் கணக்கு எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வேலையில் பாதிக்கு மேல் இங்கேதான் தீர்மானமாகிறது.

காரில் இருக்கும் எல்லா ஓட்டையும் ஏ.சி.க்காரர் போட்டது இல்லை. ஆக்ஸிலரேட்டர், சோக், ஸ்பீடோமீட்டர் கேபிள், வயரிங், ஹீட்டர் குழாய் என்று கம்பெனி போட்ட ஓட்டைகள் உண்டு. தண்ணீர் வடிவதற்கென்றே போட்டவையும் உண்டு. கடைசி வகையை அடைத்தால் நீங்களே துருவுக்குத் தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். பத்மினிக்கார நண்பர் ஒருவர் ஆர்வத்தில் முன்பக்கக் கால் தரையில் இருந்த வடிகால் துளை ஒன்றையும் சேர்த்து அடைத்துவிட்டார். அடுத்த மழையில் கார்பெட்டுக்கு அடியில் இரண்டு விரல் தண்ணீர். அவர் அதைக் கண்டுபிடித்தது மூன்று வாரம் கழித்து, நாற்றம் வந்த பிறகு.

எப்படிப் பிரித்தறிவது? விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கம்பெனி ஓட்டையின் விளிம்பு அச்சில் அடித்தது; வழவழப்பாக இருக்கும், பெரும்பாலும் லேசாக உள்ளே மடிந்திருக்கும், வண்டியின் பழைய பெயிண்ட் விளிம்பு வரை போயிருக்கும். பட்டறையில் போட்டது அப்படி இருக்காது. என் ஃபயர்வாலில் பெரிய ஹோஸ் போன ஓட்டை வட்டமே இல்லை. சுற்றிலும் சின்னச் சின்னதாக டிரில் போட்டு, நடுத்துண்டை உளியால் தட்டி எடுத்திருந்தார்கள். ரம்பப் பல் மாதிரி விளிம்பு, அதில் பெயிண்டே கிடையாது, ஒவ்வொரு பல்லின் நுனியிலும் துரு. அந்த விளிம்புக்கும் ஹோஸுக்கும் நடுவே கிரோமெட் (விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையம்) வைக்காமல் துணியைத் திணித்து மேலே தார் பூசியிருந்தார்கள். துணியை இழுத்ததும் கையோடு வந்துவிட்டது, கூடவே ஒரு பிடி துருத் தூளும்.

சந்தேகம் இருந்தால் ஏ.சி. போடாத அதே மாடல் வண்டி ஒன்றைத் தேடிப்போய், ஃபயர்வாலை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வந்து ஒப்பிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். என் கணக்கில் 19 இருந்தது. ஒப்பிட்டதும் இரண்டு கம்பெனியுடையது என்று தெரிந்தது. அடைத்தது 17.

ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் போடுங்கள். நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக நான்கு விஷயம்: எங்கே, விட்டம் எத்தனை மி.மீ., யார் போட்டது, பின்னால் என்ன இருக்கிறது. கடைசிக் கேள்வி உயிர்க் கேள்வி. தகட்டின் மறுபக்கம் வயர்க் கட்டு, பிரேக் பைப், பெட்ரோல் லைன் எதுவும் ஓடுகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். டிரில்லும் வெல்டும் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு நிற்காது.

பார்க்க மறக்கும் இடங்கள்: காயில் தண்ணீர் வடிய தரையில் போட்ட டிரெயின் ஓட்டை, ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் பிராக்கெட் துளைகள், டிரையரைக் கட்டியிருந்த பக்கத் தகட்டுத் துளைகள், டேஷ்போர்டின் கீழ் விளிம்பில் யூனிட்டைத் தொங்கவிட்ட துளைகள், ரிலே மாட்டிய ஸ்க்ரூ துளைகள்.

6. தகட்டில் கை வைக்கும் முன் வயரும் வேக்வமும்

வயரை இப்போதே முடியுங்கள். ஃபயர்வாலை மூடிய பிறகு விட்டுப்போன வயர் ஒன்று ஞாபகம் வந்தால் திரும்பவும் துளை போட வேண்டியிருக்கும்.

கம்ப்ரெஸர் கிளட்ச், கண்டென்சர் ஃபேன், புளோயர் வயர்களை நுனியில் வெட்டி டேப் சுற்றி விட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. இன்னொரு நுனி பேட்டரியிலோ ஃபியூஸ் பெட்டியிலோ இருக்கிறது. டேப் சூட்டில் இளகிக் கழன்றதும் பாடியில் உரசித் தீப்பொறி. வயர் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே வரை போய்க் கழற்றுங்கள். சிரமமாக இருந்தாலும் அதுதான் சரி.

ஏ.சி. போடும்போது ஐட்லிங் ஏற்றுவதற்கென்று ஒரு சின்ன வேக்வம் கருவியை வைத்திருந்தால், அதன் ட்யூப் இன்டேக் மேனிஃபோல்டில் (என்ஜினுக்குள் காற்று போகும் குழாயில்) ஒரு வாயைத் திறந்து வைத்திருக்கும். அதுவும் நம் ஓட்டைக் கணக்கில் ஒன்றுதான். அடைக்காவிட்டால் காற்றை உறிஞ்சி ஐட்லிங் ஏறி இறங்கும். ரப்பர் மூடி என்ஜின் சூட்டில் வெடித்துவிடும். மரை இருந்தால் பித்தளை பிளக் போடுங்கள். பிறகு கார்புரேட்டரில் ஐட்லிங்கைத் திரும்ப செட் செய்யுங்கள்.

கண்டென்சருக்கு முன்னால் வைத்த எலக்ட்ரிக் ஃபேன் ரேடியேட்டருக்கும் உதவிக்கொண்டிருந்ததா என்று யோசித்துப் பார்த்து எடுங்கள். கண்டென்சர் போனதும் ரேடியேட்டருக்குக் காற்று நன்றாகவே வரும். ஆனாலும் முதல் வாரம் டெம்பரேச்சர் முள்ளில் ஒரு கண் இருக்கட்டும்.

7. சுத்தம், அப்புறம் துரு

இந்த இரண்டின் வரிசை மாறக் கூடாது. ஹோஸ் இணைப்புகளில் கசிந்த கம்ப்ரெஸர் ஆயில், தூசியோடு சேர்ந்து தகட்டில் படலமாகப் பிடித்திருக்கும். அதன் மேலேயே கிரைண்டர் வைத்தால் ஆயிலைச் சுரண்டிய இரும்புக்குள் தேய்த்து ஏற்றுகிறோம். பிறகு பிரைமர் அடித்தால் அங்கங்கே மீன் கண் போல் விலகி நிற்கும்.

முதலில் டீகிரீஸர், பிறகு தின்னர் நனைத்த சுத்தமான துணி, துணியில் கறை வராத வரை. பிரேக் கிளீனர் ஸ்ப்ரே பயன்படுத்தினால் குளோரின் கலக்காத வகையா என்று டப்பாவைப் படியுங்கள். குளோரின் வகை கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் வெல்டிங் ஆர்க்கில் அதே பாஸ்ஜீன் கிளம்பும்.

பிறகு ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 30 மி.மீ. அளவுக்குப் பளபளப்பான இரும்பு தெரியும் வரை சுரண்டுங்கள், இரண்டு பக்கமும். தகட்டை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்தப் பகுதி இறந்துவிட்டது. நல்ல இரும்பு வரும் வரை வெட்டி ஓட்டையைப் பெரிதாக்குங்கள். ஓட்டை பெரிதாகிறதே என்று மனம் வராது, தெரியும். துரு தின்ற விளிம்பில் எந்த வெல்டும் நிற்காது, போல்ட்டும் நிற்காது.

குழிகளில் ஒட்டியிருக்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமில ரஸ்ட் கன்வர்ட்டர் தடவலாம். டப்பாவில் சொன்னபடி கழுவித் துடைத்து முழுக்கக் காயவிட்ட பிறகே எபாக்சி. அமிலம் மிச்சமிருந்தால் எபாக்சி உரிந்து வரும்.

8. எந்த ஓட்டைக்கு எந்த அடைப்பு

10 மி.மீ. வரை உள்ள ஸ்க்ரூ, போல்ட் துளைகள்: ஏ.சி. திரும்ப வராது என்றால் வெல்டு வைத்து நிரப்பித் தேய்த்துவிடலாம். இல்லையென்றால் வாஷரோடு ஒரு போல்ட், அடியில் சீலன்ட். இதுபோதும்.

10 முதல் 20 மி.மீ. வரை: ஃபயர்வாலில் இரும்பு, டேஷ்போர்டு அடியிலும் முகப்பிலும் ரப்பர் அடைப்பான். ரப்பர் தண்ணீரைத் தடுக்கும், நெருப்பைத் தடுக்காது.

20 மி.மீ.க்கு மேல்: இரும்புத் தகடு மட்டும்தான், போல்ட்டோ வெல்டோ. எபாக்சி பட்டியை உருட்டி வைத்து அடைப்பவர்கள் உண்டு. கல் மாதிரி இறுகிவிடும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் ஃபயர்வால் என்ஜினோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டே இருக்கும் தகடு, சூட்டில் விரிந்து சுருங்குவது. எபாக்சி கட்டி அதோடு சேர்ந்து அசையாது. சுற்றிலும் மயிரிழை போல் விரிசல் விட்டு, ஒருநாள் முழுசாகக் கீழே விழும்.

அலுமினியத் தகடும் ஃபயர்வாலுக்கு வேண்டாம். வெட்டுவது எளிது என்பதால் ஆசை வரும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும்; பெட்ரோல் தீ அதைவிடச் சூடு. போதாததற்கு, உப்புக் காற்றில் இரும்போடு ஒட்டி இருக்கும் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும்.

9. போல்ட் பிளேட் செய்வது

பிளேட் தயார் செய்வதில் அவசரம் கூடாது. முதலில் அட்டை. ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் 20 மி.மீ. பெரியதாக வெட்டி, என்ஜின் பக்கமிருந்து வைத்துப் பாருங்கள். ஃபயர்வாலில் அழுத்தக் கோடுகள், மேடுகள் இருக்கும். பிளேட்டின் விளிம்பு அந்த மேட்டின் மேல் ஏறினால் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். அப்போது ஒன்று பிளேட்டைச் சின்னதாக்குங்கள், இல்லை மேட்டைத் தாண்டிச் சமதளத்துக்குக் கொண்டுபோங்கள். பக்கத்தில் இருக்கும் இரண்டு ஓட்டைகளுக்குத் தனித்தனி பிளேட்டைவிட ஒரே நீளமான பிளேட் நன்றாக உட்காரும்.

தகட்டை வெட்டியதும் நான்கு மூலையையும் உருட்டித் தேயுங்கள். கூரான மூலை கையைக் கிழிக்கும், பெயிண்டும் கூர் விளிம்பில் நிற்காமல் ஓடிவிடும்.

துளைகள் 40 முதல் 50 மி.மீ. இடைவெளியில், எம்5 போல்ட்டுக்கு. இடைவெளி அதிகமானால் இரண்டு போல்ட்டுக்கு நடுவில் தகடு வில் மாதிரி வளைந்து காற்று புகும். பிளேட்டில் துளை போட்டு, அதை ஃபயர்வாலில் வைத்து ஒரு துளையை மட்டும் குறியுங்கள். அதைப் போட்டு போல்ட்டால் பிடித்த பிறகு மற்றவற்றைக் குறியுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் குறித்தால் ஒன்றாவது தள்ளிப்போகும். பிறகு அதை அகலப்படுத்துவார்கள், அந்த அகலத்திலிருந்து ஒழுகும்.

பின்பக்கம் கை போகாத இடத்தில் ரிவெட் நட் போடுங்கள். அதன் துளையில் வெறும் இரும்பு தெரியும். நட் ஏற்றுவதற்கு முன் பிரைமர் தொட்டு வையுங்கள்.

பிளேட்டை என்ஜின் பக்கம்தான் பொருத்த வேண்டும். மேலிருந்து வழியும் தண்ணீர் பிளேட்டின் மேலே ஓடிக் கீழே போய்விடும். உள்பக்கம் வைத்தால் ஓட்டையின் விளிம்பே சின்னத் திண்ணையாகி அதில் தண்ணீர் தங்கும். நடுவில் நியோபிரீன் கேஸ்கெட். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ரப்பர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

10. வெல்டிங்

வெல்டிங் தெரியாதென்றால் நல்ல டிங்கரிடம் கொடுங்கள், ஆனால் கூடவே நில்லுங்கள். சி.ஓ.2 வெல்டிங், 0.8 மி.மீ. வயர் என்று கேட்டு வாங்குங்கள். கேஸ் வெல்டிங் வைத்தால் சூடு பரவி ஃபயர்வால் முழுக்க அலை அலையாக நெளியும்.

தயார் செய்வதே பெரிய வேலை. பேட்டரியை வண்டியிலிருந்தே இறக்குங்கள். ஆல்டர்னேட்டர் வயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஹோஸைக் கழற்றி வாயை மூடுங்கள், கார்புரேட்டரில் மிச்சமிருப்பதை வடித்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு பரவித் தங்கும் என்பதால் ஷெட் கதவைத் திறந்து வையுங்கள். உள்ளே கார்பெட், சணல் மேட், டேஷ்போர்டு அட்டை எல்லாம் வெளியே வர வேண்டும். சீட்டை ஈரத் துணியால் மூடுங்கள்.

ஒருவர் வெளியே வெல்டு வைக்கும்போது இன்னொருவர் உள்ளே தீயணைப்பானோடு உட்கார வேண்டும். வெல்டு வைப்பவருக்குத் தகட்டின் மறுபக்கம் தெரியாது. என் வண்டியில் டேஷ்போர்டுக்கு அடியில் மறந்துபோன ஒரு கைப்பிடி பழைய சணல் மேட் கனன்றது. தம்பி உள்ளே இருந்ததால் ஈரத் துணியிலேயே முடிந்தது. வேலை முடிந்து அரை மணி நேரம் வண்டியை விட்டு நகராதீர்கள்.

துண்டை ஓட்டையின் அளவுக்கே வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர வையுங்கள். மேலே ஏற்றி ஒட்டினால் இரண்டு தகட்டுக்கு நடுவே ஈரம் புகுந்து உள்ளுக்குள்ளேயே அரிக்கும். எதிரெதிர்ப் பக்கத்தில் ஒவ்வொரு புள்ளியாக வைத்து, கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகு அடுத்த புள்ளி. ஒரே கோடாக இழுத்தால் துண்டு நடுவில் வயிறு தள்ளும்.

சின்னத் துளைகளுக்கு ஒரு வழி: வீட்டு ஏ.சி.யின் பழைய செம்புக் குழாய் ஒரு சாண் வாங்கி, சுத்தியலால் தட்டையாக்கிப் பின்னால் அழுத்திப் பிடியுங்கள். வெல்டு செம்பில் ஒட்டாது. உருகிய இரும்பு கீழே ஒழுகாமல் துளையிலேயே நின்று நிரம்பும். செம்பு சூட்டை வாங்கிக்கொள்வதால் பக்கத்துத் தகடும் உருகாது. பிடிப்பவர் தோல் கையுறை போட வேண்டும்.

11. தரையும் முகப்பும்

தரையில் உள்ள டிரெயின் ஓட்டை சின்னதுதான், ஆனால் சைலன்சர் குழாய்க்கு அருகில் இருந்தால் புகை வருவதில் முதலிடம் அதற்குத்தான். வெல்டு வைப்பது நல்லது. கீழ்ப்பக்கம் கல்லடி படும் இடம் என்பதால் சீலன்டுக்கு மேல் அண்டர்பாடி கோட்டிங் கண்டிப்பாக.

முகப்பில் கண்டென்சர் பிராக்கெட் துளைகள் உள்ளே காற்றை விடாது. துரு வராமல் பிரைமர் அடித்து ரப்பர் அடைப்பான் போட்டால் போதும்.

12. பிரைமர், சீலன்ட், பெயிண்ட்

சுரண்டிய அன்றே எபாக்சி பிரைமர், இரண்டு கோட். கடைகளில் கிடைக்கும் ரெட் ஆக்ஸைடை மட்டும் அடித்து மாதக் கணக்கில் விடாதீர்கள். அது ஈரத்தை உள்ளே விடும்.

சீலன்ட் பிரைமருக்கு மேலேதான், வெறும் இரும்பில் இல்லை. பிளேட்டின் விளிம்பைச் சுற்றி, வெல்டுக் கோட்டின் மேல், ஒரே சீரான கயிறாகப் போட்டு, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் வழித்துவிடுங்கள். மேலும் கீழும் பக்கமும் தடவினால் வேலை அசிங்கமாகத் தெரியும், விடுபட்ட இடமும் கண்ணுக்குப் படாது.

மறுபக்கத்தை மறக்காதீர்கள். வெல்டுச் சூட்டில் உள்பக்கப் பெயிண்ட் எரிந்து கருகியிருக்கும். அதைச் சுரண்டி, அங்கேயும் பிரைமர். கை போகாத மடிப்புகளில் நீளக் குழாய் வைத்து கேவிட்டி வேக்ஸ். இரண்டு வருடத்தில் வெல்டைச் சுற்றி வளையமாகத் துரு வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்; எல்லாம் உள்பக்கத்திலிருந்து வந்தது.

13. சோதனை: வெளிச்சம், தண்ணீர், புகை

கார்பெட்டைப் போடும் முன்பே மூன்றும் முடிய வேண்டும்.

வெளிச்சம்: ராத்திரி, பானெட்டுக்குள் நல்ல பிரகாசமான லைட்டைத் தொங்கவிட்டு, உள்ளே கால் வைக்கும் இடத்தில் தலையைக் குனிந்து பத்து நிமிடம் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக நேரம் வேண்டும். நான் முதல் தடவை ஒன்றும் இல்லை என்று எழுந்துவிட்டேன். இரண்டாவது தடவை பார்த்தபோது கிளட்ச் பெடலுக்கு மேலே ஊசி முனை அளவு ஒரு வெளிச்சம், நட்சத்திரம் மாதிரி.

தண்ணீர்: கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பிளாஸ்டிக் கவரால் மூடுங்கள். உள்ளே தரையில் செய்தித்தாள் விரியுங்கள். ட்யூபைக் குறைந்த வேகத்தில் திறந்து, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு அடைப்பிலும் மூன்று நிமிடம். மேலே இருந்து ஆரம்பித்தால் எங்கே புகுந்தது என்று தெரியாது. பிரஷர் வாஷர் வேண்டாம். நல்ல சீலையும் அது பிய்த்துவிடும்.

புகை: ஊதுபத்தி, சாம்பிராணி கொண்டு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கார்புரேட்டர் பக்கத்தில் கங்கு எதற்கு? எண் காட்டும் பேட்டரி கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி, முன் சீட்டில் வைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் திறந்த வெளியில் 20 நிமிடம் ஓட்டுங்கள், நடுவில் சில நிமிடம் ஐட்லிங்கில் நிறுத்துங்கள். அலாரம் அடிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். வீட்டுக்காகச் செய்த இந்தக் கருவிகள் 50 பி.பி.எம். அளவில் ஒரு மணி நேரம் போன பிறகே கத்தும். 30-க்குக் கீழே எண்ணே காட்டாத மாடல்களும் உண்டு என்பதால் குறைந்த அளவும் காட்டும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். எண் எழுந்தால் உடனே கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்துங்கள். ஃபயர்வாலில் குறை இல்லையென்றால் சைலன்சர் மேனிஃபோல்டு கேஸ்கெட், டிக்கி ரப்பர் பீடிங் இரண்டையும் பாருங்கள். டிக்கி வழியாகவும் புகை உள்ளே சுழன்று வரும்.

14. மேட்டும் கார்பெட்டும் கடைசியில்

பழைய சணல் மேட்டைத் திரும்பப் போடாதீர்கள். அது தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு தகட்டோடு ஒட்டி நிற்கும். ஃபயர்வாலின் உள்பக்கம் பியூட்டைல் ஷீட், அதன் மேல் தண்ணீர் உறிஞ்சாத மூடிய நுரை மேட். ஏ.சி. இல்லாத வண்டியில் கால் பக்கத்துச் சூடு குறைவதே பெரிய ஆறுதல்.

கார்பெட்டை முதல் மாதம் ஒட்டாமல் சும்மா விரித்து மட்டும் வையுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் பிளேட் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கேஸ்கெட் அமுங்கி அரைச் சுற்றாவது கொடுக்கும். முதல் பெரிய மழைக்கு மறுநாள் காலையில் கார்பெட்டைத் தூக்கி, உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஒட்டிவிடலாம்.